பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பெட்ரோல், என்ன பராமரிப்பு? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியப்பா மகன் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன்னால் சென்னையில் 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, பள்ளத்தூர் வீட்டின் பின்வாசல் ஷெட்டில் நிறுத்தினார். "அப்பப்ப ஓட்டிப் பாத்துக்க தம்பி" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். காரைக்குடியில் கடை வைத்திருக்கும் எனக்கு அதுவரை பழக்கமான கார் மாருதிதான். அன்றிலிருந்து பங்கிலும் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் கேட்கப்பட்ட கேள்விகளும், பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களும் இவை. எல்லாம் பாக்ஸ்டரை வைத்துச் சொல்பவை. ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, மஸ்டாங் என்று வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதா பெட்ரோல் போடலாமா, 95 வேண்டுமா, 100 வேண்டுமா?

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். மெக்கானிக், மச்சான், யூடியூப் எல்லாம் அப்புறம். எங்கள் வண்டிக்கு 98 ஆக்டேன் சிபாரிசு. 95க்குக் கீழே போகக் கூடாது.

ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலுக்கு சக்தி கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த எண் சொல்வது பெட்ரோலின் பொறுமையை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் பொறி வைத்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். பொறுமை இல்லாத பெட்ரோல் அதற்குள் ஒரு மூலையில் தானாகப் பற்றி வெடிக்கும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். பாக்ஸ்டரின் 2.7 லிட்டர் எஞ்சினில் அழுத்த விகிதம் 12.5க்கு 1. இவ்வளவு நெருக்கினால் பெட்ரோலுக்குப் பொறுமை வேண்டும்தானே.

இந்தக் கால எஞ்சின்களில் நாக் சென்சார் இருக்கிறது. நாக்கிங் தொடங்கியதும் கம்ப்யூட்டர் பொறி போடும் நேரத்தைத் தள்ளிப்போட்டுக் காப்பாற்றிவிடும். அதனால் அவசரத்துக்கு ஒரு தடவை குறைந்த ஆக்டேன் போட்டால் எஞ்சின் உடைந்துவிடாது. இழுவை குறையும், சூடு கூடும். அந்த டேங்க் தீரும் வரை ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நான் போடுவது 95 பிரீமியம். 100 கிடைக்கும் ஊருக்குப் போனால் அதை நிரப்பிக்கொள்வேன். அதைத் தேடிக்கொண்டு போகிற அளவுக்கு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100, 2020 டிசம்பரில் அறிமுகமானபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா, "அங்கே 91தான் பிரீமியம், நீ ஏன் 95 தேடுகிறாய்" என்கிறாரே?

சித்தப்பா சொல்வதும் சரி, ஸ்டிக்கர் சொல்வதும் சரி. இரண்டும் வேறு வேறு படி. நம் ஊரிலும் ஐரோப்பாவிலும் ஆர்ஓஎன் என்ற ஒரு சோதனையின் எண்ணைப் போடுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு சோதனை எண்களைக் கூட்டிப் பாதியாக்கிப் போடுவார்கள். எண் நான்கைந்து குறைவாகவே வரும். அவர் ஊர் 91, நம் கணக்கில் ஏறக்குறைய 95 அல்லது 96.

சாதா பெட்ரோலே இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஆனபின் 95 ஆகிவிட்டதாமே? அப்புறம் எதற்கு பிரீமியத்துக்குப் பணம்?

நியாயமான கேள்வி. எத்தனாலின் ஆக்டேன் 108 போல வரும். அதை 20 சதவீதம் கலந்தால் மொத்த எண்ணும் ஏறும். பிஎஸ்-6 சாதா பெட்ரோலுக்கு 91 என்று இருந்தது, இ20ல் 95க்கு வந்துவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. ஆக, ஸ்டிக்கரில் 95 குறைந்தபட்சம் என்று இருந்தால், சாதா இ20 போட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் பிரீமியம் போடுவதற்குக் காரணம் அதில் சேர்க்கும் துப்புரவு மருந்து. இஞ்ஜெக்டர் முனையில் கரி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். லிட்டருக்கு எட்டு ரூபாய் கூட என்று வைத்துக்கொண்டாலும் 64 லிட்டர் டேங்குக்கு 500 ரூபாய் சொச்சம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் வண்டிக்கு அது ஒரு செலவே இல்லை. தினமும் ஓட்டுபவர் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வண்டியில் இந்த மருந்து, காற்று நுழையும் இன்டேக் வால்வைக் கழுவாது. நேரடி இஞ்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பெட்ரோல் சிலிண்டருக்குள்தான் பீச்சப்படுகிறது, வால்வின் மேல் படுவதே இல்லை. "பிரீமியம் போட்டால் எஞ்சின் முழுக்க சுத்தமாகும்" என்று பங்கில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இ20 பழைய வண்டியைக் கெடுத்துவிடுமா?

பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கும் இல்லை. இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்துதான் இ20க்கு ஏற்ற ரப்பரும் உலோகமும் வைத்து வண்டிகள் வரத் தொடங்கின. எங்கள் பாக்ஸ்டர் ஐரோப்பாவில் இ10 வந்த காலத்து வண்டி. 10 சதவீதத்துக்குத் தயாரானது, 20க்கு இல்லை.

நடைமுறையில் முதலில் தெரிவது மைலேஜ். எத்தனாலில் சூட்டாற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் அறிக்கையே போட்டிருக்கிறது. அடுத்தது ரப்பர் குழாய்கள். வருடாந்திர சர்வீஸில் பெட்ரோல் குழாய், மூட்டு, பம்ப் சீல் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ ஈரமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ஷெட்டுக்குள் நுழைந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

95 பிரீமியம் போட்டால் எத்தனாலிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதிலும் கலக்கிறார்கள். எத்தனால் இல்லாதது என்று பேர் வாங்கியது 100 ஆக்டேன் ரகம்தான்.

எந்த பங்கில் போடுவது நல்லது?

கூட்டம் இருக்கும் பங்கில். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கம் பங்குக்கு வருவது பைக், மினி வேன், டிராக்டர். பிரீமியம் கேட்பவர் அபூர்வம். சின்ன ஊர் பங்கில் பிரீமியம் ஒரு லோடு இறங்கினால், அது நிலத்தடித் தொட்டியில் எத்தனை வாரம் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் கிடந்த பிரீமியத்தைவிட நேற்று இறங்கிய சாதா மேல். அதனால் காரைக்குடியில், வெளியூர் கார்கள் வந்து நிற்கும் பங்க் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். "அண்ணே, பிரீமியம் எப்போ இறங்குச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது என்னைக் கண்டதும் "செவ்வாக்கிழமை இறக்குனோம்" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பங்கிலும் வடிகட்டித் தாள் இருக்கும். நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், கலப்படம் இல்லாத பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும். பெட்ரோலின் அடர்த்தியும் எழுதி வைத்திருப்பார்கள். 15 டிகிரி கணக்கில் 720க்கும் 775க்கும் நடுவில் இருக்க வேண்டும். அளவில் சந்தேகமா, முத்திரை போட்ட 5 லிட்டர் அளவை எடுத்துப் பிடித்துக் காட்டச் சொல்லலாம். மழை கொட்டிய மறுநாள் காலை, அதுவும் தாழ்வான இடத்தில் இருக்கும் பங்கில் நான் நிரப்புவதில்லை. தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் எத்தனால் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் தனியாகத் தேங்கிவிடும்.

திருச்சியிலிருந்து 100 ஆக்டேனை கேனில் வாங்கிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பர்மா தேக்குத் தூணும் உத்திரமுமாக நிற்கிற வீட்டில் பெட்ரோல் கேன் வைக்கலாமா என்று ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள். பதில் அங்கேயே கிடைக்கும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்?

தேவையில்லை. பல பாட்டில்களில் இருப்பது மாங்கனீஸ் அல்லது இரும்புச் சேர்மம். பிளக்கில் செம்பழுப்பாகப் படியும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் கேடு. அந்தக் காசில் 95 போடுங்கள்.

சிஎன்ஜி மாட்டினால் செலவு குறையுமே?

மாமா, தயவுசெய்து வேண்டாம்.

மூன்று மாதம் வண்டி நிற்கப்போகிறது. டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக விடுவதா?

நம் பக்கத்துக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பாதி வீடுகள் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கின்றன. கார்களும் அப்படியே. இந்த நான்கு வருடத்தில் எங்கள் வண்டிக்கு வந்த வில்லங்கம் பெரும்பாலும் நின்றதால் வந்தது. ஓடியதால் வந்தது டயர் தேய்மானம் மட்டும்தான்.

பெட்ரோல் கெட்டுப்போகும். அதில் இருக்கும் லேசான பகுதி முதலில் ஆவியாகும். ஸ்டார்ட் ஆவதற்கு உதவுவதே அந்தப் பகுதிதான். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். டேங்க் காலியாக இருந்தால் காற்றுக்கு இடம் அதிகம், ஈரமும் அதிகம். எனவே நிறுத்தும் முன் டேங்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்புங்கள். கிடைத்தால் எத்தனால் இல்லாததாக இருக்கட்டும். ஃபியூயல் ஸ்டெபிலைசர் ஊற்றுவதானால் பங்கிலேயே ஊற்றி, வீடு வரை ஓட்டி வாருங்கள், மருந்து கலந்த பெட்ரோல் இஞ்ஜெக்டர் வரை போய்விடும்.

இந்தக் கால வண்டிகளின் டேங்க் நன்றாக மூடியது. பழைய அம்பாசடர் மாதிரி நேராக வெளிக்காற்றைக் குடிக்காது. ஆகவே இரண்டு மாதம் என்றால் பதறவே வேண்டாம். ஆறு மாதம் தாண்டிவிட்டால், ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக பங்குக்குப் போய்ப் புது பெட்ரோலைக் கலந்துகொண்டு, பாதி டேங்க் தீரும் வரை விரட்டாதீர்கள்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விட்டால் போதாதா?

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் முதல் வருடம் முழுக்க இதைத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார்ட் செய்வது, பேப்பர் படித்து முடிப்பது, அணைப்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் எஞ்சினுக்கு அது கெடுதல்.

குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் கூடுதலாகப் பீச்சப்படும். எரியாத கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். எரிந்ததிலிருந்து வரும் நீராவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் குளிர்ந்து தண்ணீராகும். இரண்டையும் ஆவியாக்கி விரட்ட ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமினால் கூலன்ட் சூடாகுமே தவிர ஆயில் ஆகாது. பேட்டரியும் ஸ்டார்ட் செய்ய இழந்ததைத் திரும்பப் பெற்றிருக்காது.

நாங்கள் இப்போது செய்வது: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலை ஆறு மணிக்கு, பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி. பிள்ளையாரைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவோம். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஆயில் சூடு 90 டிகிரிக்கு வரும் வரை 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் போவதில்லை. குன்றக்குடி மலை கண்ணில் படும்போது முள் பெரும்பாலும் அங்கே வந்திருக்கும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு முறை நன்றாக இழுத்துவிடுவேன். எஞ்சினுக்கு நல்லது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓட்ட ஆளே இல்லை என்றால், பேட்டரிக்கு மெயின்டெய்னர் (எப்போதும் செருகியே வைக்கும் சார்ஜர்) மாட்டி, டயரில் காற்று ஏற்றி, சும்மா விட்டுவிடுங்கள். அரைகுறையாக ஸ்டார்ட் செய்வதைவிட அது மேல்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதே?

இந்த வண்டிகள் பூட்டியிருந்தாலும் முழுசாகத் தூங்குவதில்லை. அலாரம், சாவியைத் தேடும் ரிசீவர் என்று சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். மாதக்கணக்கில் நின்றால் எந்த பேட்டரியும் படுத்துவிடும்.

படுத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தோம். தேவகோட்டையில் மாமாவுக்கு சாந்தி கல்யாணம். அதற்காகவே அண்ணன் வந்திருந்தார். வேட்டி சட்டையோடு ஷெட்டுக்குப் போனால் ரிமோட்டுக்கு அசைவில்லை. சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்துவிட்டோம். ஆனால் பாக்ஸ்டரின் பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருக்கிறது. அந்த டிக்கியோ மின்சாரம் இருந்தால்தான் திறக்கும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை.

கையேட்டில் வழி இருந்தது. ஓட்டுநர் காலடிப் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி. அதில் ஒரு பாசிட்டிவ் முனையை வெளியே இழுக்கலாம். பந்தல் சாமான் ஏற்றி வந்த டாடா ஏஸ்ஸின் பேட்டரியிலிருந்து சிவப்பு வயரை அந்த முனையிலும், கறுப்பு வயரைக் கதவு பூட்டுக் கொக்கியிலும் கொடுத்து, டிக்கி லிவரை இழுத்ததும் 'டக்' என்று திறந்தது. அந்த ஒரு 'டக்'குக்கு ஒன்றரை மணி நேரம். நாங்கள் தேவகோட்டை போய்ச் சேர்ந்தபோது கந்தரப்பம் தீர்ந்திருந்தது. இந்த மாதிரி வண்டி வைத்திருந்தால் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். கையேட்டையும் அதே டிக்கிக்குள் வைத்துவிடாதீர்கள்.

இப்போது மெயின்டெய்னர் எப்போதும் செருகியிருக்கும். அது சாதா சார்ஜர் இல்லை. பேட்டரி நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். ஏஜிஎம் ரக பேட்டரிக்கு அதற்கான நிலையில் வைக்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை முடிந்தபின் விளக்கு மறுபடி எரிகிறதா என்று ஒருமுறை எட்டிப்பாருங்கள். மீட்டர் வைத்திருந்தால், ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் நிறைவு, 12.2க்குக் கீழே கவலை. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போன செக்ரி நிலையம் 1953லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் பேட்டரி செத்து நின்றோம் என்று அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

எஞ்சின் எங்கே? திறந்து காட்ட முடியுமா?

சீட்டுக்குப் பின்னால். திறந்து காட்ட முடியாது. பின் டிக்கியில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி. தரிசனம் அவ்வளவுதான்.

என்ன ஆயில், எப்போது மாற்றுவது?

கையேட்டில் இருக்கும் ஒப்புதல் குறியீட்டைப் பாருங்கள். எங்கள் வண்டிக்கு போர்ஷே ஏ40 ஒப்புதல் உள்ள 0டபிள்யூ-40. டின்னில் அந்த ஒப்புதல் அச்சாகியிருக்க வேண்டும், "அதே மாதிரிதான் சார்" என்பது போதாது. வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள், 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும். மேலே சொன்ன பெட்ரோலும் ஈரமும் ஆயிலில்தான் சேர்கின்றன.

முதல் வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்கள். போதாததற்கு, இந்த வண்டியில் ஆயில் குச்சி கிடையாது. அளவை டேஷ்போர்டில்தான் பார்க்க வேண்டும். அது தெரியாமல் கண்ணளவில் ஒரு லிட்டர் கூடுதல். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஷெட் முழுக்கப் புகை. எல்லாவற்றையும் வடித்துச் சரியான ஆயிலை அளவோடு ஊற்றிய பிறகுதான் தூக்கம் வந்தது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் பாயும் வேகத்தைச் சொல்வது டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண். வெயிலுக்கு உள்ளது பின்னால் இருக்கும் 40. அது இந்த ஊருக்குப் போதும்.

நாள்பட நின்ற வண்டியை எழுப்பும்போது ஒரு கணம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். இந்த எஞ்சின் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருப்பவை. கொஞ்சம் ஆயில் உள்ளே கசிந்து தங்கும். புகை நிற்காமல் வந்தால்தான் பிரச்சினை.

கூலன்ட் குறைந்தால் நல்ல தண்ணீர் ஊற்றலாமா? சம்பை ஊற்றுத் தண்ணீர்?

சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க, காபி போட. ரேடியேட்டருக்குக் கையேடு சொல்லும் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, ஊற்றிக்கொண்டே இருக்காமல் கண்டுபிடியுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் முன்பக்க ஓட்டைகள். எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. காற்று நுழையும் வழியில் சருகும் நுழையும். எங்கள் வண்டியை வாங்கி ஒரு வருடம் கழித்து பம்பரைக் கழற்றினோம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் புளிய இலை, வேப்பஞ்சருகு, செம்மண் எல்லாம் சேர்ந்து அடை மாதிரி இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முறம் நிறைய. அதுவரை "ஏசி சரியாகக் குளிரவில்லை, கேஸ் அடிக்கணும்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கழுவியதும் கேஸ் அடிக்காமலே குளிர்ந்தது. வாரம் ஒருமுறை கையை விட்டுச் சருகை எடுங்கள், வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வாட்டர் வாஷ் பம்பின் முழு வேகத்தில் அடிக்க விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

திறக்கும் கூரைக்கு என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசி பிறப்பதற்குள் வடிகால் ஓட்டைகளைப் பாருங்கள். கூரை மடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் இறங்க ஓட்டை உண்டு. அது அடைத்தால் அடைமழையில் தண்ணீர் உள்ளே வந்து சீட்டுக்கடியில் தேங்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கழன்றுவிடும். வளையும் நைலான் போதும். நம் வீடுகளில் நடுவாசலில் விழும் மழை வெளியேற வழி வைத்திருப்பார்களே, அதைத் தூர்வாருவது மாதிரிதான்.

எலி?

எலி, சில வீடுகளில் மரநாயும். ஷெட்டில் நெல் மூட்டை, பழைய பேப்பர், தேங்காய் மட்டை வைக்காதீர்கள். புகையிலையைத் துணியில் கட்டி எஞ்சின் அருகே தொங்கவிடச் சொல்வார்கள். சில வாரம் பலிக்கும், வாசனை போனால் எலியும் திரும்பும். சைலன்சர் பக்கம் தொங்கவிட்டால் கருகி நாறும். எங்களுக்குப் பலித்தது ஷெட்டைக் காலியாக வைத்ததும், கதவடியில் வலை அடித்ததும்தான்.

டயர் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரில் இந்த வண்டியை வேகமாக ஓட்ட நான் தயாரில்லை. முன் டயர் 235, பின் டயர் 265 என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போடவும் முடியாது. ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும். மாதம் ஒருமுறை அரைச் சுற்று நகர்த்தி வையுங்கள்.

பிரேக் போட்டால் கரகரவென்று சத்தம்?

நின்ற வண்டியா, கழுவிய வண்டியா? டிஸ்க்கில் லேசான துரு. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் பேடைப் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஐஎம்எஸ் பேரிங் உடைந்து எஞ்சினே போய்விடும் என்கிறார்களே?

ஐஎம்எஸ் என்பது எஞ்சினுக்குள் சுழலும் இடைத் தண்டு. அதன் பேரிங் உடைவது பழைய பாக்ஸ்டர் கதை. 2009லிருந்து வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. 2009க்கு முந்தைய வண்டி வாங்குவதானால் கட்டாயம் விசாரியுங்கள்.

நம் ஊர் மெக்கானிக்கிடம் விடலாமா?

டயர், பேட்டரி, பிரேக் பேட், ரேடியேட்டர் சுத்தம் எல்லாம் தாராளமாக. நம் மெக்கானிக்குகளின் கைவேலையில் குறை சொல்ல முடியாது, அவசரத்தில்தான் குறை. பக்கத்திலேயே நின்று, கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயில், கம்ப்யூட்டர் கோளாறு என்றால் சரியான ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை சென்னைக்கு ஓட்டிப்போகிறோம். அந்த ஓட்டமே பாதி சர்வீஸ்.

ஜாக்கி வைப்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அடியில் குறிப்பிட்ட நான்கு இடங்களில்தான் தூக்க வேண்டும், கீழே தடித்த பலகை வேண்டும். முகப்பில் நிறுத்தி ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேராக ஜாக்கி வைத்த ஒரு வீட்டில் இரண்டு கல் விரிந்துபோனது. அதே நிறத்தில் கல் கிடைக்க அவர்கள் அலைந்த அலைச்சலுக்கு பம்பரே மாற்றியிருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாமா?

தாராளமாக. சந்தனத்தை மட்டும் கூரைத் துணியிலும் பின்பக்க சென்சாரிலும் வைக்காதீர்கள். போன வருடம் சென்சாரில் வைத்த பொட்டுக்கு, பிள்ளையார்பட்டி போய் வரும் வரை, ரிவர்ஸ் போட்டபோதெல்லாம் வண்டி பின்னால் யாரோ நிற்பதாகக் கூவியது.